கடைசிப் பகுதியன்று அடித்த காற்று

மருதன்குடி,
20.1.2008

என் மருமகள் பூமயிலுக்கு,

சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் வரும் என்று நான் 1985லேயே சொன்னவன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேசுகிற போன், ஆள் கிட்டே போனால் தானே திறக்கிற கதவு, தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்பது, எதை நான் சொல்லவில்லை? டிவியில் இங்கிலீசில் வந்த வானக்கப்பல் தொடரைப் பார்த்தவர்கள் நூறு பேர். பார்த்துப் புரிந்துகொண்டவன் உன் தாய்மாமன் மூக்கையா ஒருவன்தான். எட்டாவது வரைக்கும் படித்து, கொழும்பில் நாலு வருஷம் ஜவுளிக்கடையில் துரைமாருக்கே துணி கிழித்துக் கொடுத்தவன் அல்லவா!

இங்கே நானும் உன் அக்காள் இராமலட்சுமியும் சுகம். எனக்குக் காது மட்டும் இன்னும் ஒரு படி இறங்கிவிட்டது. நீ வாங்கிக் கொடுத்த செல்போனில் நீ பேசினால் நெல் மிஷின் ஓடுவது போல இருக்கிறது. ஆகையால் நமக்குள் இனிமேல் கடுதாசிதான். கோயம்புத்தூரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்?

வானக்கப்பல் முழுவதும் டிஸ்க்கில் கிடைத்துவிட்டது, வாங்கிவிட்டாய் என்று அக்காள் சொன்னாள். இருபத்து நாலு பகுதியுமா? கடைசிப் பகுதி அதில் இருக்காது என்று நினைக்கிறேன். பழைய சரக்கென்றால் வால் அறுந்துதான் கிடக்கும்.

உன் நல்லதையே நினைக்கும்,
மூக்கையா

கோயம்புத்தூர்,
14.2.2008

அன்பு மாமாவுக்கு,

பூமயில் எழுதுகிறேன். நாங்கள் நால்வரும் நலம். சின்னவனுக்குத்தான் சளி விடவில்லை. காது டாக்டரிடம் உங்களைக் கூட்டிப்போகச் சொல்லி அக்காளிடம் நூறு தடவை சொல்லிவிட்டேன். "எனக்குக் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு" என்கிறீர்களாம்.

எட்டுப் பகுதி பார்த்துவிட்டோம். வசனமெல்லாம் கீழே ஆங்கிலத்தில் எழுத்தாகவே வருகிறது. மாமா, நீங்கள் சொன்ன கதை எங்கே, இது எங்கே! நீங்கள் பித்தளை என்று பேர் வைத்த இரும்பு மனிதன் ஒரு தடவைகூட ரசம் கேட்கவில்லை. அந்தக் கிரகத்தில் கண்மாய்த் தண்ணீருக்கு வெட்டுக்குத்து என்றீர்களே, அவர்கள் ஏதோ ஒரு கல்லுக்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள். கப்பல் தலைவர் மானாமதுரைப் பக்கம் பெண் எடுத்தவர் என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நம் மரகதத்தின் உண்மைப் பேர் எலீனா. கப்பலுக்கு வழி சொல்கிறவள். அது மட்டும் நீங்கள் சரியாகச் சொன்னது.

இதையெல்லாம் சொன்னதும் இவர் வயிறு வலிக்கச் சிரித்தார். ஆனாலும் மாமா, உங்கள் கதைதான் நன்றாக இருந்தது.

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் ஊருக்கு வருகிறேன், டிஸ்க்கும் எடுத்து வருகிறேன். அக்காளை உட்கார வைத்துப் போட்டுக் காட்ட வேண்டும்.  போனில் அதைச் சொன்னதும், "மரகதம் இருக்காளாடி அதுல?" என்று மட்டும் கேட்டாள்.

குளிரில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

பூமயில்

மருதன்குடி,
23.2.2008

பூமயிலுக்கு மாமா எழுதுவது.

உன் சின்னவன் சளிக்குத் தூதுவளையை நெய்யில் வதக்கிக் கொடு. இங்கே அறுப்பு முடிந்தது. எனக்கும் அக்காளுக்கும் குறையொன்றுமில்லை.

நீ எழுதியதைப் படித்தேன். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இலங்கை டிவியில் வந்தது அசல். உனக்குக் கடைக்காரன் கொடுத்தது வெட்டி ஒட்டினது. ரசம் கேட்ட இடத்தை வெட்டியிருப்பான்.

அந்தக் காலத்தில் நம் கரைக்கு இலங்கை டிவிதான் துப்புரவாக எடுக்கும். தொண்டிக் காதர் மைதீனிடம் அந்தப் பெட்டியை நான் வாங்கி வந்தபோது, ஏழு ஊரில் என் வீட்டில் மட்டும்தான் டிவி. முப்பதடி இரும்புக் குழாயில் ஆண்டெனாவைக் கட்டிக் கிழக்கே கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு முற்றம் கொள்ளாத கூட்டம். நீ மடியில் அவித்த கடலையோடு முன்வரிசையில் இருப்பாய். இருளாண்டி ஒருநாள், "ஏப்பா மூக்கையா, அவன் ரெண்டு வார்த்தைதான் பேசுறான், நீ ரெண்டு நாழி சொல்றியே?" என்றான். "ஏலே, இங்கிலீசு கருவாடு மாதிரி. தண்ணியில போட்டாத்தான் ஊறும்" என்றேன். முற்றமே சிரித்தது. 

டிஸ்க்கைச் சுமந்துகொண்டு வராதே. இங்கே ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கரண்டு இல்லை. இருக்கிற டிவியிலும் நிறம் இறங்கி எல்லார் மூஞ்சியும் பச்சையாகத் தெரிகிறது. அக்காளுக்கும் கண்ணில் தண்ணீர் வருகிறது. அவளுக்கு எதற்கு இந்த வயதில் படம்?

மூக்கையா

கோயம்புத்தூர்,
6.4.2008

மாமாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைக் காதர் மைதீன் அண்ணன் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். அக்காள் கையில் கிடைக்கக் கூடாது என்பதற்காக.

கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டேன். மூன்று தடவை பார்த்தேன்.

அந்தக் கிழவர் மரகதத்தின் அப்பா இல்லை, மாமா. அவளுக்கு முன்னால் அந்தக் கப்பலுக்கு வழி சொன்னவர். படுக்கையில் கிடக்கிறார், அது உண்மை. ஆனால் அவர் அவளிடம் சொல்வது இது: "எனக்காக நீ இங்கே தங்கினால் உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன்." அவள் அழுகிறாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கப்பலில் ஏறுகிறாள். கப்பல் போய்விடுகிறது. அவ்வளவுதான் முடிவு.

எனக்கு அப்போது பத்து வயது. அய்யா வாதத்தில் விழுந்து மூன்று மாதம். அக்காளுக்கு மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துக் கார்டு வந்திருந்தது. புதன்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். போவதா இருப்பதா என்று அவள் சோறு இறங்காமல் திரிந்தாள். "மரகதத்துக்கும் நம்மள மாதிரித்தானடி, அய்யா படுக்கையில கெடக்காரு. அவ என்ன செய்றான்னு பாப்போம்" என்றாள் என்னிடம். விளையாட்டுப் போலத்தான் சொன்னாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் அவள் கை என் கையைப் பிடித்திருந்த பிடி எனக்கு நினைவிருக்கிறது.

"மாமா, மரகதம் என்ன சொல்லுறா?" என்று கேட்டாள்.

"அய்யாவைப் போட்டுட்டு வரமாட்டேங்குறா தாயி. கப்பலைத் திருப்பி அனுப்பிட்டா" என்றீர்கள்.

மறுநாள் காலையில் அந்தக் கார்டை அடுப்பில் வைத்தாள். தையில் உங்கள் மகன் வீரையாவுக்குக் கழுத்தை நீட்டினாள். அய்யா இரண்டு வருஷம்தான் இருந்தார். வீரையா மச்சான் லாரியில் அடிபட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் இன்னமும் அங்கேயே இருந்து உங்களுக்குக் கஞ்சி வைக்கிறாள். அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் நான் வெளியூரில் படித்தேன். அதனால் உங்களைக் கேட்க எனக்குத் தகுதி உண்டா என்றும் தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஏன் மாமா அப்படிச் சொன்னீர்கள்?

பூமயில்

மருதன்குடி,
28.4.2008

பூமயிலுக்கு,

மாமா சுகம். உங்கள் எல்லாருடைய சுகமும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடுதாசி காதர் மைதீன் கடையிலேயே இரண்டு வாரம் கிடந்தது. கொடுக்கும்போது அவன், "என்ன மூக்கையாண்ணே, எழுவது தாண்டிக் கடை விலாசத்துக்குக் கடுதாசி வருது? கொழும்புச் சிநேகிதமா?" என்றான். "ஏன், எனக்கு வரக் கூடாதா?" என்றேன். "வரட்டும், வரட்டும். வீட்டுக்கு வரப் பயந்த கடுதாசின்னா வெவகாரம் பெருசுதான்" என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். டீ ஆறிப்போனது.

நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்குக் காற்று. மேற்கேயிருந்து வீசுகிற கச்சான் காற்று என்றால் அப்படி ஒரு கச்சான். கடைசி நேரத்தில் ஆண்டெனாவைத் திருப்பிவிட்டது. படம் போய் வெறும் புள்ளி. சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தது. அதில் நான் என்னத்தைக் கண்டேன்? 'ஸ்டே' என்று ஒரு சொல் காதில் விழுந்தது. ஸ்டே என்றால் இருப்பது. அதைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கூட்டம் கேட்கிறதே, சும்மா இருக்க முடியுமா?

அக்காளிடம் சொல்லாதே, ஆத்தா. அவளுக்கு இங்கே என்ன குறை? கோழி வைத்திருக்கிறாள், மாடு வைத்திருக்கிறாள், ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். போன மாசம் இருளாண்டி பேரனுக்குப் பாம்பு கடித்தபோது காலில் இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கச் சொல்லி அவள்தான் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினாள்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

மூக்கையா

கோயம்புத்தூர்,
19.5.2008

மாமாவுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அடுத்த மாதம் கர்ப்பப்பையில் கட்டி எடுக்க ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். அக்காள் வந்து ஒரு மாதம் இருக்கட்டும், அனுப்பி வையுங்கள்.

டிஸ்க் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அதை நான் எடுத்து நீட்ட மாட்டேன். அவள் கேட்டால் ஒளிக்கவும் மாட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பூமயில்

கோயம்புத்தூர்,
11.7.2008

மாமாவுக்கு இராமலட்சுமி எழுதியது.

பூமயில் தேறி எழுந்து நடக்கிறாள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? வெள்ளை மாத்திரை காலையில், மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட பிறகு. மாற்றிப் போட்டுவிடாதீர்கள். இருளாண்டி சம்சாரம் சோறு கொண்டுவந்து வைக்கிறாளா? அவள் உப்பு அள்ளிப் போடுவாள். சொல்லி வையுங்கள்.

படம் பார்த்தேன். நானேதான் கேட்டேன். பூமயில் படுத்திருந்தாள், கீழே வருகிற எழுத்தை அவள் படித்துச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தேன்.

மரகதம் போய்விட்டாள், மாமா.

இரண்டு நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அப்புறம் பூமயில் சொன்னாள், அன்றைக்கு அடித்த காற்றில் ஆண்டெனா திரும்பிவிட்டதாம், நீங்கள் காதில் விழுந்ததை வைத்துச் சொன்னீர்களாம். படம் பாதியில் புள்ளியாய்ப் போனது எனக்கும் நினைவு வந்தது. காற்று செய்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? மனசு ஆறிவிட்டது.

பூமயில் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் கிழவிக்கும் நான்தான் புரட்டிவிட்டு முதுகு துடைத்தேன். பெரிய நர்ஸம்மா பார்த்துவிட்டு, ஆள் இல்லை, கொஞ்ச நாள் வேலைக்கு இருக்கிறாயா என்று கேட்டார்கள். இருக்கட்டுமா?

இராமலட்சுமி

மருதன்குடி,
20.7.2008

என் மருமகள் இராமலட்சுமிக்கு,

மாமா இரும்புக் குண்டு போல இருக்கிறேன். மாத்திரை மாறவில்லை. உன் சிவப்புக் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. நேற்று நானே மீன்குழம்பு வைத்தேன். வாசத்துக்குத் தெருவே வந்து எட்டிப் பார்த்தது.

ஆமாம், காற்றுதான் ஆத்தா. நீ சின்னப் பிள்ளை, உனக்கு மறந்திருக்கும். அன்றைக்குக் கண்மாய்க் கரையில் மூன்று பனை சாய்ந்தது. தொண்டியில் காதர் மைதீன் கடைக் கூரை பறந்துபோய் மசூதித் தெருவில் விழுந்தது. அந்தக் காற்றில் என் ஆண்டெனா குழாயோடு நின்றதே பெரிது. முப்பதடிக் குழாய், நான் கட்டின கட்டு.

வேலைக்கு இரு. கேட்பானேன்? பொங்கலுக்கு வந்துவிடு.

மூக்கையா

கோயம்புத்தூர்,
8.12.2008

மாமாவுக்கு இராமலட்சுமி.

நலம்தானே? மழைக்குக் கூரை ஒழுகுகிறதா? நாலு மாதமாக உங்களிடமிருந்து கடுதாசி இல்லை. காதர் மைதீன் அண்ணனுக்குப் போன் போட்டுத்தான் நீங்கள் நடமாடுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன். உங்களுக்கு முடியவில்லையென்றால் இருளாண்டி பேரனை விட்டு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

மூன்று பனை சாய்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. அன்றைக்கு நான் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை.

இங்கே வேலை பிடித்திருக்கிறது. ஊசி போடுகிற பிள்ளைகளெல்லாம் எனக்கு மகள் வயசு. என்னை அக்கா என்கிறார்கள். இங்கே ஒரு வருஷத்து உதவி நர்ஸ் படிப்பு தை மாதம் தொடங்குகிறது. வயசு பார்க்க மாட்டோம், நீ சேரு என்று பெரிய நர்ஸம்மா சொன்னார்கள். முடித்தால் வெள்ளை உடுப்பு போடலாம், இங்கேயே வேலை. பூமயிலும் பிடிவாதம் பிடிக்கிறாள்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் தனியாக, காதும் கேட்காமல், யாரை நம்பி இருப்பீர்கள்? ஏதோ ஒரு காற்று அடித்தது, அதற்காக உங்களைக் கடைசிக் காலத்தில் விட்டுவிட்டுப் போக முடியுமா? பெரிய நர்ஸம்மா மட்டும், ஜனவரி ஐந்தாம் தேதி வரைக்கும் யோசித்துச் சொல் என்றார்கள். யோசிக்க ஒன்றுமில்லை. பத்தாம் தேதி கிளம்பி வாரேன். பொங்கலுக்கு அரிசி ஊறப்போட்டு வைக்க வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இராமலட்சுமி

மருதன்குடி,
29.12.2008

ஆத்தா இராமலட்சுமி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத வரவில்லை, அதனால் எழுதவில்லை. மூன்று கடுதாசி எழுதி மூன்றையும் கிழித்தேன். ஒன்றில் வீடு தீப்பிடித்துவிட்டது, அதனால் வராதே என்று எழுதினேன். இன்னொன்றில் நான் காசிக்குப் போகிறேன் என்று எழுதினேன். எழுதுகிறபோது நன்றாகத்தான் வந்தது. அனுப்பக் கை வரவில்லை. இந்தக் கடுதாசி தாமதமாகாமல் சேர வேண்டுமென்று தொண்டியிலிருந்து பதிவுத் தபாலில் போடுகிறேன்.

எனக்கு இங்கிலீசு தெரியாது. கொழும்புக் கடைக்குத் துரைமார் யாரும் வந்ததில்லை. பூமயிலுக்கு நான் எழுதின 'ஸ்டே' என்ற சொல்லும் என் காதில் விழவில்லை. இதெல்லாம் நீயும் பூமயிலும் எப்போதோ ஊகித்திருப்பீர்கள்.

ஆனால் அந்தக் கடைசிப் பகுதிக்கு இங்கிலீசு தேவைப்படவில்லை. கிழவன் வாசல் பக்கம் கையைக் காட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தொட்டாள். பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும், போகப்போகிறாள் என்று. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீயும் போவதற்கு எழுந்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

"ஆண்டெனா ஆடுது, பாத்துட்டு வாரேன்" என்று எழுந்தேன். "நல்லாத்தானே மாமா தெரியுது" என்றாய் நீ. அது உனக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. வெளியே வந்து குழாயை இரண்டு கையாலும் பிடித்து, கிழக்கே இருந்ததை மேற்கே திருப்பினேன். உள்ளே "போச்சு, போச்சு" என்று கூச்சல் கேட்டது. கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். நீ கேட்டாய். நான் சொன்னேன்.

உன் அய்யா படுத்திருந்தாரே, அவருக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே வெகுகாலம் சொல்லிக்கொண்டேன். அதுவும் இல்லை. நீ மதுரைக்குப் போனால் திரும்ப மாட்டாய், வீரையாவுக்கு உன்னைக் கட்ட முடியாது. எனக்கு நீ மருமகளாக வர வேண்டும். அவ்வளவுதான். நீ வந்த பிறகு என் வீடு வீடாக இருந்தது. அதற்குக் கூலியாக உன்னிடமிருந்து எதை எடுத்தேன் என்று எனக்குத் தெரியும்.

பத்தாம் தேதி கிளம்பாதே. ஐந்தாம் தேதிக்குள் அந்த அம்மாவிடம் போய்ப் பேர் கொடு. இருளாண்டி சம்சாரத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. காற்று என்று நினைத்துக்கொண்டு நீ திரும்பி வந்தால், அதே குழாயை இரண்டாவது தடவையும் நான் திருப்பினதாக ஆகும்.

மூன்று பனை சாயவில்லை. காதர் மைதீன் கூரை பறக்கவில்லை. அன்றைக்கு ஒரு ஓலைகூட அசையவில்லை, ஆத்தா. காற்றே இல்லை.

மூக்கையா